எல்லாம்னா என்ன

மார்ச் 3, செவ்வாய்
அம்மாவுக்குக் கடைசி நேரத்துல எந்த வைத்தியம் வேணும், எது வேணாம்னு முன்னாடியே எழுதி வைக்கற ஃபார்ம் வாங்கிட்டு வந்தாச்சு. நாலு பக்கம். ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு, யாரும் தொடல.

மார்ச் 5
அண்ணன் போன்ல ஒரே வார்த்தை, "எல்லாம் பண்ணச் சொல்லு". எல்லாம்னா என்னன்னு கேட்டேன். எல்லாம்தான்னு சொல்லி வெச்சுட்டான்.

மார்ச் 6
அதையே டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இதயம் நின்னா நெஞ்ச அமுக்கறது சும்மா இல்லையாம், அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் இறங்கணும், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ, வயசானவங்களுக்கு விலா எலும்பு உடையறது சகஜம்னாங்க, அம்மாவுக்கு எலும்பு ஏற்கெனவே எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். வெண்டிலேட்டர் குழாய் வாய் வழியா போகும், பேச முடியாது, ரெண்டு வாரம் ஆச்சுன்னா கழுத்துல ஓட்டை போடலாமான்னு பேச்சு வரும். ஆனா வேணும் வேணாம்னு ரெண்டே பதில் இல்லையாம். கொஞ்ச நாள் போட்டுப் பாப்போம், தேறலன்னா எடுத்துடலாம்னும் எழுதி வைக்கலாம். இத ஏன் யாரும் முன்னாடியே சொல்லல? நெஞ்ச அமுக்க வேணாம்னு எழுதிட்டா மத்த வைத்தியமும் நின்னுடுமான்னேன். இல்லம்மா, ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, எல்லாம் நடக்கும்னாங்க.

எல்லாம். அவங்களும்.

மார்ச் 7
அம்மா தூங்கறப்ப விலா ஏறி இறங்கறதையே பாத்துட்டு இருந்தேன்.

மார்ச் 9
அண்ணன் திரும்பவும். சாப்பாடு குடுக்கற குழாய் வேணாம்னா பட்டினி போடப் போறியான்னு கத்தறான். கடைசி நாள்ல உடம்பே சாப்பாடு கேக்காது, வாய ஈரமா வெச்சுக்கிட்டாலே போதும்னு டாக்டரம்மா சொன்னத அப்படியே சொன்னேன். பட்டினிங்கிற வார்த்தை மட்டும் காதுலயே நிக்குது.

மார்ச் 10
அம்மா ஃபார்ம கையில எடுத்தா. "உனக்கு எது சரின்னு படுதோ போடு". கோவம் வந்துடுச்சு எனக்கு, இது என் உடம்பாம்மான்னு கேட்டுட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறமா, "மூச்சு முட்டி மட்டும் போகக்கூடாது". அதுக்கு மார்ஃபின் கொஞ்சமா குடுப்பாங்கம்மா, மூச்சுத்திணறல் அடங்கும்னேன். "மருந்து இருக்கா? அத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" மூணு பக்கம் அரை மணியில முடிஞ்சது. மூச்சுக்குன்னு கட்டம் எதுவும் இல்ல, ஓரத்துல எழுதிக் குடுத்தேன்.

மார்ச் 11
நாலாவது பக்கம். அவளால பேச முடியாதப்ப யார் பேசணும்? சித்தி பேரு போட்டிருக்கா.

"நீ அழுவ. அவன் கத்துவான். அவ சொன்னத சொல்லுவா."

மார்ச் 12
தூக்கமே இல்ல. இத்தன நாள் கூட இருந்தது நான். ஆனா நெஞ்சுல இருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருக்கு, அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு.

மார்ச் 14
சித்திக்கு ஒரு காப்பி, டாக்டர் ஃபைல்ல ஒண்ணு. அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்துடுச்சு, பதில் இல்ல.

மார்ச் 17
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பறா. மூணாவது பக்கத்துல ஒண்ணு மாத்தணுமாம். எதன்னு சொல்ல மாட்டேங்கறா, முதல்ல பேனாவ எடுத்துட்டு வாங்கறா. தெளிவா இருக்கற வரைக்கும் எத்தன தடவ வேணாலும் மாத்தலாம்தான்.

பேனாதான் கிடைக்கல