கம்சனுக்குக் கேட்ட குரல்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தங்கச்சி மூன்றாம் தடவையும் ஃபோன் எடுத்தாள். "அக்கா, பள்ளிக்கூட நினைவு ஏதும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்." ஓம் என்றுவிட்டேன். எழுத இருந்தால் வேப்பமரமும் மணியும் ரீச்சரின் பிரம்பும் போன மலரிலேயே வந்துவிட்டன. எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு பால்மா ரின். அதைப் பற்றிச் சொல்வதென்றால், எங்கள் பள்ளிக்கூடப் படி மிதிக்காத ஜூன் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய நடிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1976, பரிசளிப்பு விழா. கண்ணன் பிறப்பு நாடகம். தேவகி வேடத்துக்குப் போய் நின்றேன். ரீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "குரல் இருக்கு, ஆள் காணாது." அசரீரி வேலை எனக்கு வந்தது. பின்திரைக்குப் பின்னால் ஸ்ரூலில் ஏறி நின்று, வெறும் பால்மா ரின்னை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "கம்சா! உன் தங்கையின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும்!" ஒரே ஒரு வசனம்தான். அதற்கு மூன்று கிழமை ஒத்திகை. நான் முந்தினால் கம்சனாக வந்தவளுக்குக் கடிவாளத்தை விட நேரமில்லை. பிந்தினால் மேடையில் எல்லோரும் மரம்போல நிற்பார்கள். "வசனத்தைப் பாடமாக்கினது போதும். திரை ஓட்டையால அவளின்ர முகத்தைப் பார். அவள் மூச்சு இழுக்கிற நேரம் சொல்லு" என்றார் ரீச்சர்.

அன்றைக்குச் சரியாக விழுந்தது. சபையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுததே சாட்சி. ஆனால் றோணியோ போட்ட நிகழ்ச்சித் தாளில் கம்சன், தேவகி, வசுதேவர், நாரதர், இரண்டு காவலாளிகள், அவர்களுக்கும் கீழே "மற்றும் பலர்." அந்தப் பலரில் ஒருத்தி நான்.

அப்போது எங்கள் வீடுகளில் ரீ.வி. கிடையாது. 'கோமாளிகள் கும்மாளம்' வானொலியில் போகும்போது தெருவே அடங்கும். மரிக்கார் ராமதாசும் அப்புக்குட்டி ராஜகோபாலும் எப்படி இருப்பார்கள் என்று தெரியாமலே அவர்கள்போலக் கதைத்துக் காட்டுவோம். குரலை வைத்தே ஆளைக் கட்டி எழுப்புகிற பழக்கம் அப்படி வந்தது.

1984இல் லண்டன் வந்து குரொய்டனுக்குப் பக்கத்தில் அண்ணா வீட்டில் இருந்தேன். குளிர். வெளியே போக ஆசையுமில்லை, சப்பாத்துமில்லை. பி.பி.சி.யில் 'ரெறி அன்ட் ஜூன்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். கணவன் ஒரு முட்டாள் யோசனையோடு வருவான், அது எங்கே போய் முடியும் என்று மனைவிக்கு அப்போதே தெரியும். அவ்வளவுதான் கதை. ஆரம்பப் பாட்டுக்கு இருவரும் ஒருவரையொருவர் தேடித் திரிந்த இடம் குரொய்டன் விற்கிஃப்ட் கடைத்தொகுதி! நான் உருளைக்கிழங்கு வாங்கப் போகிற வழி. கதைப்படி அவர்கள் குடியிருந்த பேர்லியும் அடுத்த ஊர்தான். பாதி ஆங்கிலம் விளங்காவிட்டாலும் அயலட்டைச் சண்டையைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. கத்துவதும் விழுவதும் கணவனாக வருகிற ரெறி ஸ்கொட். சிரிப்பு வருவதோ அவர் கத்தும்போதல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற மனைவி, ஜூன் விட்ஃபீல்டின் முகம் மாறும்போது. தேத்தண்ணிக் கோப்பையை வைக்கப் போன கை அரை அங்குலத்துக்கு மேலே நிற்கும். பிறகு மெல்ல வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். திரை ஓட்டையால் பார்த்த எனக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

ஜூன் பிறந்தது 1925இல், ஸ்ரெதமில். இன்றைக்கு ரூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். யுத்த காலத்தில் ராடா நாடகக் கல்லூரியில் படித்து 1944இல் வெளியே வந்தவர். பெயரை நாடெங்கும் கொண்டுபோனது வானொலிதான். 1953இல் 'ரேக் இற் ஃபுரொம் ஹியர்' நிகழ்ச்சியில் சேர்ந்து, ஃபிராங் மியூரும் டெனிஸ் நோர்டனும் எழுதிய கிளம் குடும்பத்துக் கதையில் எத் ஆனார். ரொன் என்ற சோம்பேறிக்கு நிச்சயமான பெண். கலியாணம்? 1960இல் நிகழ்ச்சி நிற்கும்வரை நடக்கவேயில்லை. எங்களூர்ச் சீதனப் பேச்சுக்கூட இவ்வளவு இழுபட்டதில்லை. மாமியாருக்கு அங்கே வசனமே கிடையாது. மாடியிலிருந்து வருகிற வெறும் முனகல் மட்டும், அதைக் கொடுத்தவர் பாடகி அல்மா கோகன். என் சாதி ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பழங்கதை எனக்குக் கிடைத்தது முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தபோது. அங்கே ஓர் அம்மா, எண்பது வயதிருக்கும், மகனின் பெயரையே மறந்தவர். நான் ரீ.வி.யைக் காட்டி "ஜூன்" என்றதும் தலையை ஒரு பக்கம் சரித்து, மூக்கால் இழுத்து, "ஓ... ரொன்!" என்றார். இஸ்திரிக்கை வைத்துக்கொண்டு வானொலி கேட்டாராம். ரொன் சொல்லும் பதில் எனக்குத் தெரியாது. அதையும் அவரே சொல்லித் தந்தார்: "யெஸ், எத்?" அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் மருந்து கொடுக்கப் போனால் "யெஸ், எத்?" என்றுகொண்டுதான் கதவைத் திறப்பேன். இல்லாவிட்டால் வாய் திறக்கமாட்டார்.

நடிப்புப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் 1961இல் நகைச்சுவை நடிகர் ரோனி ஹன்கொக் ரீ.வி.யில் நடித்த 'இரத்த தானம்' பகுதியைத் தேடிப் பாருங்கள். ஹன்கொக் அதற்குச் சற்று முன்னால் கார் விபத்தில் தலையில் அடிபட்டு, வசனம் பாடமாக்க முடியாமல், கமராவுக்குப் பக்கத்தில் வைத்த பலகையைப் பார்த்து வாசித்தார். கண் எதிரே நிற்கிறவர் மேல் இல்லை. அவர் இரத்தம் கொடுக்க வந்து மேசையடியில் பெருமை பேசும்போது எதிரே இருக்கிற தாதி ஜூன்தான். தன்னைப் பார்க்காத ஒருவரோடு, பார்க்கிறார் என்றே நாங்கள் நம்பும்படி நடிக்கிறார். அந்த மனுசன் வாங்கின புகழில் ஒரு பங்கு அந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

ரெறி ஸ்கொட்டும் அவரும் உண்மையிலேயே கணவன் மனைவி என்று நானும் நம்பியிருந்தேன். இல்லையாம். ஜூனை 1955இல் கட்டியவர் ஒரு சேவேயர்.

அதே 1984இல் அண்ணாவின் குசினி ரேடியோவில் பிரதமர் தட்சர் ஏதோ பேச, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "இந்த நாட்டில பிரதமருக்கு இப்பிடியோ மரியாதை!" என்று திகைத்தேன். "விசரி, அது ஜூன்" என்றார் அண்ணா. ரேடியோ 2இன் நகைச்சுவை நிகழ்ச்சி 'நியூஸ் ஹட்லைன்ஸ்.' நகைச்சுவை நடிகர் ரொய் ஹட்டோடு 2001வரை செய்தார். 1993இலிருந்து ரேடியோ 4இல் மிஸ் மார்பிள், அந்தக் கிழவி வருகிற அகதா கிறிஸ்டியின் பன்னிரண்டு நாவல்களும். துப்பறியும் கிழவிக்கும் கேட்டுக்கொண்டிருப்பதுதானே தொழில்! இரவு வேலை முடிந்து காரில் வரும்போது கேட்டால், வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டு முடியும்வரை இருப்பேன்.

பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்தது 'அப்சொலூட்லி ஃபாபியுலஸ்' என்ற ரீ.வி. நகைச்சுவைத் தொடர் மூலம். 1992இல் தொடங்கியது. ஜெனிஃபர் சோண்டர்ஸ் குடித்துக் கூத்தடிக்க, தாயாக வருகிற ஜூன் ஒரு பக்கத்தில் பச்சைப்பிள்ளை முகத்தோடு இருந்து ஒரு வரி சொல்லுவார். என் மகள் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்களும் இப்பிடித்தான்" என்றாள். புகழ்ந்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

2000இல் தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாக்கினார். கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரித்தேன். மூன்று புள்ளி, பிறகு 'அன்ட் ஜூன் விட்ஃபீல்ட்.' இன்னார், இன்னார், மற்றும் ஜூன் விட்ஃபீல்ட். வாழ்நாளெல்லாம் அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பின்னால் வந்த பெயரை அப்படியே தலைப்பாக்கிவிட்டார். நானோ ஒரு றோணியோத் தாளுக்காக ரீச்சரோடு இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

2017இல், தொண்ணூற்றொரு வயதில், அவருக்கு டேம் பட்டம், ஆண்களுக்குக் கொடுக்கிற 'சேர்' பட்டம் மாதிரி, கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 29இல் போய்விட்டார்.

போன வருடம் சங்க இராப்போசனத்தில் என் மேசையில் இருந்த ஒரு தங்கச்சி, என்னைவிட ஆறு வகுப்புக் கீழே படித்தவள், கொத்துரொட்டியைக் கிளறிக்கொண்டு கேட்டாள்: "அக்கா, சின்னனில ஒரு கம்சன் நாடகம் பாத்துப் பயந்து அழுதனான். அந்த அசரீரி ரேப்பில போட்டதோ?"

கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வாய்க்கு முன்னால் பிடித்தேன். அவள் மூச்சு இழுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்சா!"

நாலு மேசை திரும்பிப் பார்த்தது.