சவூதி நர்ஸ் வேலையும் ஒரு தேதிப் பிழையும்

நேர்முகத் தேர்வில் பெயர் வந்துவிட்டது என்றதும் எல்லோரும் டிக்கெட் எப்போது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், நம் சான்றிதழ்கள் உண்மைதானா என்று அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுப் பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு இருக்கிறது. உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வு, நர்சிங் கவுன்சில் பதிவு, பட்டச் சான்று எதிலும் எனக்குச் சிக்கல் வரவில்லை. வந்ததெல்லாம் அனுபவச் சான்றிதழில்.

மதுரையில் நான் ஐசியூவில் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை கொடுத்த சான்றிதழில் எல்லாத் தேதிகளும் சரியாகவே இருந்தன. ஆனால் உண்மைதானா என்று கேட்டு டேட்டாஃப்ளோவிலிருந்து மின்னஞ்சல் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் கோப்பை எடுத்துப் பார்க்காமல் கணினியில் இருந்த தேதியைப் பதிலாக அனுப்பிவிட்டார். புதிய மென்பொருளுக்கு மாறியபோது, பழைய ஊழியர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சேர்ந்த தேதியைப் போட்டுவைத்திருக்கிறார்கள். என் ஓராண்டுக்கும் மேலான வேலை அப்படியே காணாமல் போயிற்று. சான்றிதழ் பொருந்தவில்லை என்று அறிக்கை வந்தது. இரவெல்லாம் வென்டிலேட்டர் பக்கத்தில் நின்று சம்பாதித்த அனுபவம் பொய்க் கணக்கு போலத் தெரிந்ததில் பட்ட வலி இன்னும் ஆறவில்லை.

நாகர்கோவிலிலிருந்து இரவு பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். அடுத்த முறை போனபோது, பழைய பதிவேடுகள் வேறு கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் ஸ்டாம்பை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கேட்டதற்கு, கணினியில் இருப்பதுதான் கணக்கு என்றார்.

வழி காட்டியது முன்பு ரியாத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. "பி.எஃப். பிடித்தார்களா? அப்படியானால் நீ சேர்ந்த தேதி அரசாங்கத்திடமே இருக்கிறது" என்றார். அன்றே பி.எஃப். இணையதளத்தில் என் யுஏஎன் என்ற பி.எஃப். எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்து சேவை விவரத்தை எடுத்தேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருந்தன. முதல் மாதச் சம்பளம் வரவான வங்கிப் பக்கத்தையும் அதோடு வைத்து, எழுத்தரிடம் போகாமல் நேரே நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். திருத்தக் கடிதம் அன்று மாலையே கைக்கு வந்தது. வெளிநாடு போக நினைக்கும் சகோதரிகளே, வேலையை விடும்போதே இந்த இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு யார் பதில் அனுப்புவார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு, அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மேல்முறையீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டினேன். அறிக்கை சரியாகி வந்தது. அதற்குள் என்னோடு தேர்வானவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் எல்லாம் நன்மைக்கே என்றார்கள். கர்த்தர் ஏதோ ஆபத்திலிருந்து காப்பாற்றியிருப்பார் என்றார்கள். அன்பால் சொன்னார்கள், தெரியும். ஆனால் அப்படி ஒரு ஆபத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதைவிட நல்ல வேலையும் வரவில்லை. வீட்டுக் கடன் அப்படியே இருக்கிறது. காரணம் தெரிந்தால்தான் நம்புவேன் என்றால் நான் நம்புவது காரணத்தை, கர்த்தரை அல்ல. அந்த நாட்களில் அழுதுகொண்டே ஜெபித்தேன். கோபத்தையும் அவரிடமே சொன்னேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிப் போகும் பவுலும் கூட இருந்தவர்களும் பித்தினியா நாட்டுக்குப் போகப் பார்க்கிறார்கள். ஆவியானவர் போகவிடவில்லை. ஏன் என்று அங்கே எழுதப்படவில்லை. மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லும் தரிசனம் பிறகு துரோவா பட்டணத்தில்தான் கிடைக்கிறது. மீசியாவைக் கடந்து போகும்போது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வழி அடைபட்டது என்பது மட்டும்தான். ஆனாலும் போய்க்கொண்டே இருந்தார்கள். பேதுருவின் முதல் நிருபத்தைத் திறந்தால் முதல் வசனத்திலேயே பித்தினியாவில் இருக்கும் விசுவாசிகள் வருகிறார்கள். பவுலைப் போகவிடாத இடத்தையும் தேவன் மறந்துவிடவில்லை. நான் இன்னும் துரோவாவுக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் என் வழி அவர் கையில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

எங்கள் திருச்சபைச் சேகரத்தில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் பெரும்பாலும் விசா கிடைத்தவர்கள், குழந்தை பிறந்தவர்கள், வீடு கட்டி முடித்தவர்கள். காத்திருக்கிறவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால் எத்தனை பேர், தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்து உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகிறார்கள்! காத்திருக்கிற நானும் பேசலாமா என்று போதகரிடம் கேட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனையில் ஐந்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திருத்திய அறிக்கையோடு கத்தாருக்கு விண்ணப்பிக்கும் வேலையையும் தொடங்கியிருக்கிறேன். சவூதிக்காக எடுத்த அறிக்கையையே அந்த நாட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.