சோபாவுக்குப் பின்னால்

ஜூன் 3
சோபாவுக்குப் பின்னால். மறுபடியும். நாய்க்குட்டி மூத்திரம் போய்விட்டாள்.

ஜூன் 4
எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிக்கொண்டு போகணுமாம். இந்த மூன்றையும் விட்டால் இவளுக்கு வேறு என்ன வேலை? பேசாமல் தோட்டத்திலேயே பாயை விரித்துவிடலாம்.

ஜூன் 6
மாத வயதுக்கு ஒரு மணி நேரம் அடக்குவாள் என்று கணக்கு சொல்கிறார்கள். இவளுக்கு இரண்டு மாதம். அந்த இரண்டு மணி நேரமெல்லாம் தூக்கத்தில்தான். விழித்திருந்து குதிக்கும்போது அரை மணிகூடத் தாங்கவில்லை. ராத்திரி அலாரம் அடித்தால் வாயைத் திறக்காமல் தூக்கிப்போய், காரியம் முடிந்ததும் மெதுவாக ஒரு ‘சபாஷ்’, திரும்பவும் படுக்கை. கொஞ்சினால் விடியும்வரை விளையாட்டுதான்.

ஜூன் 8
அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அவள் மூக்குக்கு அதுவும் மூத்திர வாடைதானாம். வாடையையே சிதைக்கிற என்சைம் கலந்தது வாங்கியாச்சு. சோபாவை நகர்த்தி ஊற வைத்திருக்கிறேன்.

ஜூன் 9
அண்ணன் வந்தார். “மூக்கைப் பிடிச்சு அதுலயே தேய்ச்சு விடு, புத்தி வரும்” என்றார். என்ன புத்தி வரும்? ஆள் இருக்கும்போது போகக்கூடாது என்ற புத்தி. அப்புறம் சோபாவுக்குப் பின்னால்தான் நிரந்தரம்.

ஜூன் 12
மோப்பம் பிடிப்பதும் வட்டமடிப்பதும்தான் அறிகுறி என்று அதற்காகவே காத்திருந்தேன். வட்டமடிக்கும்போது பாதி வந்தேவிடுகிறது. இன்று முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருப்பவள் சட்டென்று வாயைத் திறந்து அதை விட்டுவிடுகிறாள். காதில் எதுவும் விழாத ஒரு பார்வை. அப்புறம் விறுவிறுவென்று என்னை விட்டு விலகி நடக்கிறாள். அந்த நொடியில் தூக்கினால் பிழைத்தோம். கதவருகே மணி கட்டலாம், வெளியே போகணுமென்றால் அதை அடிக்கக் குட்டிகள் பழகிக்கொள்ளும் என்கிறார்கள். மணி இருக்கட்டும், எனக்குக் கயிறு போதும்.

ஜூன் 15
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருகிறாள். சொட்டுச் சொட்டாக. முனகல் வேறு.

ஜூன் 16
காலை மூத்திரத்தைக் கரண்டியில் பிடித்து, சோதிக்கச் சொல்லிக் கால்நடை டாக்டரிடம் கொடுத்தேன். தொற்றாம். பெண் குட்டிகளுக்குக் கூடுதலாக வருமாம். மாத்திரை. அப்படியென்றால் சோபாவுக்குப் பின்னால் போனதில் எது பழக்கம், எது நோய்?

ஜூன் 20
காய்ந்திருக்கிறது. மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன். நான்தான்.

ஜூன் 23
கயிற்றைப் போட்டாள், கதவுக்கு ஓடினாள், திறந்தேன். எல்லாம் சரி. மழை. ஈரப் புல்லில் காலை வைக்கவே மாட்டேன் என்கிறாள். குடையை எடுக்கணும், எனக்கில்லை.