கல்லாவுக்குப் பக்கத்திலேயே பட்டறை

அம்பத்தூரில் நாங்கள் நடத்தும் பட்டறையில் கல்லா மேசைக்கும் முப்பரிமாண பிரிண்டர்களுக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. கடையை முன்னால் வைத்து, இயந்திரங்களைப் பின்னறைக்குத் தள்ளினால் லட்சணமாக இருக்கும் என்று பலர் யோசனை சொல்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை. பிரிண்டர் உருக்கி அச்சடிக்கும் பிளாஸ்டிக் இழையை வாங்க வருகிறவர் அது என்ன வேலைக்கு என்று சொல்ல வேண்டும். விரும்பினால் எங்கள் இயந்திரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

கோடையில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர், கைப்பேசி தாங்கி செய்ய பி.எல்.ஏ. என்ற வகை இழை கேட்டார். விலை குறைவு, அச்சடிப்பதும் சுலபம். ஆனால் அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும்; சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் தாங்கி வளைந்துவிடும். 80 டிகிரி வாக்கில்தான் இளகும் பி.இ.டி.ஜி. என்ற இன்னொரு வகை இழையைக் கொடுத்தனுப்பினேன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஈரத்தோடுதான் போராட்டம். திறந்து கிடக்கும் இழைச் சுருள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 200 டிகிரிக்கு மேல் சூடான நாசிலுக்குள், அதாவது இழை உருகி வெளிவரும் முனைக்குள், போனதும் அந்த ஈரம் ஆவியாகிப் படபடவென்று வெடிக்கும். அச்சின் மேற்பரப்பு சொரசொரத்து, நூலாம்படை போலப் பிசிறுகள் தொங்கும். பிரிண்டர் பழுது என்று யாராவது தூக்கிவந்தால் நான் முதலில் நாசிலருகே காதைத்தான் கொண்டுபோவேன். சத்தம் கேட்டால், பி.எல்.ஏ. சுருளை 45 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, அதே பொருளை மறுபடி அச்சடித்து, இரண்டையும் கையில் கொடுப்பேன். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும். உலர்த்துவதற்குக் காசு வாங்குவதில்லை. ஈரத்துக்கு மருந்தாகப் புது நாசிலை விற்பது அநியாயம்.

லேசர் கட்டரில் அக்ரிலிக், ஒட்டுப்பலகை வெட்டலாம். பி.வி.சி. கூடவே கூடாது, எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவந்து நுரையீரலைப் பதம்பார்க்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும்.

மூலையில் நிற்கும் பழைய பிரிண்டர் ரெப்ராப் என்ற திட்டத்தின் வழிவந்தது. 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய அந்தத் திட்டம், பிரிண்டர் வடிவமைப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் இதன் பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் பக்கத்து இயந்திரத்திலேயே அச்சிட்டு மாட்டிவிடுகிறோம். புதிதாக வரும் மாணவர்களை இதைக் கழற்றிப் பூட்டத்தான் முதலில் விடுவேன்.

தொழிற்பேட்டையில் கடைசல் பிடிக்கும் டர்னராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் சனிக்கிழமைகளில் வருகிறார். கணினியில் வரையத் தெரியாது. ஆனால் நுண்ணளவு பார்க்கும் வெர்னியரைக் கையில் எடுத்தால் மாணவர்கள் சுற்றி நின்றுவிடுவார்கள். போன வாரம் கல்லூரி மாணவி ஒருத்தி, பாட்டியின் தையல் இயந்திரத்திலிருந்து பல்லுடைந்த பிளாஸ்டிக் சக்கரத்தைக் கொண்டுவந்தாள்.

"துளையை ஒரே இடத்தில் அளக்காதே அம்மா. திருப்பித் திருப்பி அள. தேய்ந்த துளை வட்டமாக இருக்காது" என்றார்.

அளவுகள் வெவ்வேறாகத்தான் வந்தன. "சக்கரம் மாட்டும் தண்டை அளந்து கொண்டுவா, அதுதான் நிஜ அளவு சொல்லும்" என்று அனுப்பிவைத்தார். அச்சில் துளை சற்றுச் சுருங்கியே வரும் என்பதால் 0.2 மி.மீ. கூட்டி வரைந்திருக்கிறாள். நைலானில் போடப் போகிறோம். வரும் சனிக்கிழமை பாட்டியையும் இயந்திரத்தோடு அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.