ஆறு மணிக்கு மேசையில்

நம் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் மலர்க்குழுவினர் இம்முறை என்னிடம் கேட்டது விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தைப் பற்றி. மணியடித்ததும் ஓடியது, நீள வாங்குகளில் இடம் பிடித்தது, ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கறிக்கு அடிபட்டது என்று ஒரு பட்டியலே தந்திருந்தார்கள். எழுதலாம்தான். ஆனால் அந்த மண்டபத்தை நினைத்தவுடன் எனக்குக் கண்முன் வருவது யாழ்ப்பாணம் அல்ல. கலிபோர்னியாவில், சான் ஹொசே நகரத்து ஜாக்சன் வீதிக்கு அருகே, ஒரு வயோதிப ஜப்பானிய அமெரிக்கத் தம்பதியின் குசினி மேசைதான் வருகிறது.

1987 ஜனவரியில் அங்கே படிக்கப் போனேன். அவர்கள் வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. வாடகை குறைவு, நிபந்தனை ஒன்றே ஒன்று. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேசையில் இருக்க வேண்டும். “பரீட்சை இருந்தாலுமா?” என்று கேட்டேன். “பரீட்சை எழுதுகிறவனுக்குப் பசிக்காதா?” என்றார் வீட்டுக்கார அம்மா. பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு, நானும் அவர்களை ஓஜீசான், ஓபாசான் என்றே அழைத்தேன். தாத்தா, பாட்டி என்று பொருள்.

ஓஜீசான் 1915இல் சான் ஹொசே இருக்கும் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். அன்றைக்கு அது கணினிக்காரரின் ஊர் அல்ல. ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் பேரிக்காயும் விளைந்த தோட்டவெளி. தகப்பனார் ஜப்பானிலிருந்து வந்து அந்தத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரைப் போன்றவர்கள் கலிபோர்னியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. அமெரிக்கக் குடியுரிமை கேட்கும் வழியோ 1952 வரை திறக்கவில்லை. வந்தவர்கள் இஸ்ஸெய், அங்கே பிறந்த பிள்ளைகள் நிஸெய், பேரர்கள் ஸான்ஸெய் என்று தலைமுறைகளுக்கு எண்வரிசையில் பெயர் வைத்திருந்தார்கள். (நாற்பது வருடமாக நாடு நாடாகப் பரந்து கிடக்கிற நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சொல்லைக்கூட இன்னும் உண்டாக்கவில்லை.)

மேசை ஓஜீசான் தானே செய்தது. ஆப்ரிகாட் உலர்த்தும் பழைய மரத்தட்டுகளைப் பிரித்து, இழைத்து, ஆணி தெரியாமல் பொருத்தியிருந்தார். மழைநாளில் கையை வைத்தால் இலேசாகப் பழவாசம் வரும் என்பார். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிறுதோறும் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஓஜீசானின் தம்பி வருவார். கார் திருத்துபவர், அறுபதை நெருங்கிய கட்டை மனிதர். கையில் அந்தந்தக் காலத்துப் பழம் ஒரு பை. சுவரோரக் கதிரையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். பேச்சே கிடையாது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போய் இரண்டொரு மாதத்தில் அந்த மேசையில் நம் விடுதியைப் பற்றி அளந்தேன். நூற்றுக்கணக்கான பையன்கள் ஒரே மணிக்குச் சாப்பிடுவதையும், விடுமுறைக்கு வீடு போனால் ஐயாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து சாப்பிடுவது சலித்துப்போய், எப்போது மண்டபத்துக்குத் திரும்புவோம் என்று நாளெண்ணியதையும் பெருமையாகச் சொன்னேன். ஓபாசான் சோற்றுக்குச்சிகளைக் கீழே வைத்தார். ஓஜீசான் யன்னலைப் பார்த்தார். தம்பியார் மட்டும் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

அந்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை. ஐயா இறந்த செய்தி, கொழும்பு உறவினர் ஒருவரின் கடிதமாக மூன்று கிழமை கழித்து வந்தது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை, கடிதத்தை வைத்துக்கொண்டு பின்னறையில் இருந்தேன். அடுத்த ஞாயிறு மேசையில் என் இடத்தில் வெள்ளை உறைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், உள்ளே ஐந்து அல்லது பத்து டொலர். இது கோதென்: செத்தவீட்டுக்குக் கொடுக்கும் காசு. கொடுத்தவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியாது. ஐந்தாம் வீதிப் பௌத்த கோயிலுக்கு வருகிறவர்கள். ஓபாசான் ஒரு கொப்பியைத் தந்து, யார் எவ்வளவு என்று எழுதவைத்தார். எல்லாருக்கும் நன்றிக் கடிதம் போக வேண்டும், ஒவ்வொன்றுக்குள்ளும் பாவிக்காத தபால் முத்திரை வைக்க வேண்டும், இவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நீ போக வேண்டும் என்று முறைகளைச் சொல்லித் தந்தார். அழுவதற்கு வராத எனக்கு, முத்திரை ஒட்டி முகவரி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அழுகை வந்தது.

டிசம்பரில் கோயிலில் மோச்சி இடிப்பு, புதுவருடத்துக்காக. இரவு முழுக்க ஊறிய பசையரிசியை மரப்பெட்டிகளில் அவித்து, ஆவி பறக்க உரலில் கொட்டுவார்கள். இரண்டு பேர் மாறிமாறி மரச்சுத்தியலால் அடிக்க, இடையில் ஒருவர் நனைத்த கையால் மாவைப் புரட்டிவிடுவார். உலக்கை பிடித்த ஊர்க்காரன் என்ற நினைப்பில் முன்னே போனேன். நம் உலக்கை நேரே விழுவது; இது தோளுக்கு மேலிருந்து வீசுவது. மூன்றாம் அடி உரலின் விளிம்பில் பட்டு, மரச்சிராய் மோச்சிக்குள் போயிற்று. மரியாதையாக என்னை மோச்சி பிடிக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே, கையில் மாவைத் தடவிச் சூட்டு உருண்டைகளை உருட்டியபடியே ஓபாசான் சொல்ல ஆரம்பித்தார்.

அமெரிக்கா ஜப்பானோடு போரில் இருந்த நேரம், 1942 பெப்ரவரி 19ஆம் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். மேற்குக் கரையிலிருந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தவர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்கக்கூடியது மட்டுமே கொண்டுபோகலாம். சான் ஹொசேக்காரர்களை முதலில் சான்ரா அனிற்றா குதிரைப் பந்தயத் திடலில் வைத்தார்கள். இவர்களுக்குக் கிடைத்தது குதிரை லாயம். சுண்ணாம்பு அடித்தும் வாசம் போகவில்லை. பிறகு வயோமிங்கில் ஹார்ட் மவுண்டன் முகாம். முள்வேலி, தார்த்தாள் ஒட்டிய கொட்டில்கள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சனம்.

“வீட்டுக்கு ஓர் அறை தந்தார்கள், குசினி தரவில்லை” என்றார். மணியடித்தால் பொதுச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஓஜீசானின் கடைசித் தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் கிழமை வீட்டாரோடு உட்கார்ந்தான். பிறகு சிநேகிதர்களோடு. பிறகு எந்த மண்டபத்தில் நல்ல சாப்பாடோ அங்கே. மாமனார் ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் இடம் பிடித்துவைத்துக் காத்திருந்து, கடைசியில் யாராவது கேட்டால் எழுந்து கொடுப்பார். “சோற்றை அரசாங்கம் போட்டது. பிள்ளை ஏன் அப்பா சொல் கேட்பான்?” மூன்று குளிர்காலம் இப்படிப் போனது. 1945இல் ஆளுக்கு 25 டொலரும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து, கோயில் கட்டடத்தில் தங்கியிருந்தபோது மாமனார் போய்விட்டார். ஓஜீசான் அந்த மேசையைச் செய்தது அதற்குப் பிறகு.

மண்டபத்தின் மறுகோடியில் சுவரோரக் கதிரைக்காரர் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார். விளிம்பில் ஓர் அடிகூடப் படவில்லை.

மற்றவை பத்திரிகையில் வந்தவைதான். 1988 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஜனாதிபதி றேகன், முகாம்களில் அடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதற்காக வாஷிங்டனில் பாடுபட்டவர்களில் ஒருவர் காங்கிரஸ் உறுப்பினர் நார்மன் மினேட்டா. அவரும் சான் ஹொசேயிலிருந்து ஹார்ட் மவுண்டனுக்குப் போன சிறுவன். ரயிலேறும்போது அவருடைய பேஸ்போல் மட்டையைப் பறித்துவிட்டார்கள் என்ற கதை ஜாக்சன் வீதியில் எல்லாருக்கும் தெரியும். தலைக்கு 20,000 டொலர் நட்டஈடு, சட்டம் கையெழுத்தான அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். 1990 ஒக்டோபரில் மிக வயதானவர்களிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஓஜீசானின் காசோலையோடு ஜனாதிபதியின் மன்னிப்புக் கடிதமும் வந்தது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, தகப்பனாரின் படம் இருந்த சாமிப்பெட்டிக்குள் வைத்தார். காசில் ஒரு பங்கு கோயிலுக்குப் போனது. வீட்டுக்கு வாங்கியதாக நான் கண்டது ஒரு புதிய ரைஸ் குக்கர்.

ஓஜீசான் போய் எட்டு ஆண்டுக்குப் பின், 2004இல் ஓபாசானும் போனார். கொப்பியில் எழுதிய பெயர்களில் பலருடைய செத்தவீடுகளுக்கு அதற்குள் போய்வந்திருந்தேன். கோயில் வாசலில் உறை வாங்கும் மேசையில் தம்பியார் உட்கார்ந்திருந்தார். என் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முழுப் பெயரைச் சொல்லச் சொன்னார். நான்கு வருடம் எதிரெதிரே சாப்பிட்ட மனிதர். தகப்பன் பெயரோடு சேர்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒரு கோட்டில் அடங்காமல் அடுத்த கோட்டுக்கும் போயிற்று. எழுதி முடித்து, பேனையை மூடிவிட்டு, “ஆறு மணிக்கு” என்றார்.