மனச்சோர்வில் தூக்க ஆய்வு: முதல்முறை இறங்குபவர்களுக்கு

மனச்சோர்வு உள்ளவர்களின் தூக்கத்தை ஆராய வருபவர்கள் முதலில் கையில் எடுப்பது இரண்டு வினாப்படிவங்கள்: தூக்கத்துக்கு 1989-ல் வெளிவந்த பிட்ஸ்பர்க் அளவுகோல், மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9. இரண்டுக்கும் பலமான தொடர்பு கிடைக்கும். கிடைக்காமல் எங்கே போகும்? பி.எச்.கியூ-9-ன் 3ஆம் கேள்வியே தூக்கம்தான், 4ஆவது களைப்பு. மனச்சோர்வுக்கான இன்னொரு படிவமான ஹாமில்டன் அளவுகோலின் 17 கேள்விகளில் 3 தூக்கமின்மைக்கு. ஒரே விஷயத்தை இரண்டு படிவத்தில் கேட்டுவிட்டுத் தொடர்பு கண்டதாக எழுதினால், கட்டுரையை மதிப்பிடுபவர் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார். தூக்கக் கேள்விகளைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை கணக்கிடுங்கள். அப்படிச் செய்யப்போவதைத் தரவு திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

பி.எச்.கியூ-9-ன் 9ஆம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0-க்கு மேல் யாராவது குறித்தால் அன்றே யார் அவரிடம் பேசுவார், எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்பது நெறிமுறைக் குழு கேட்பதற்கு முன் உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும். படிவங்களை மாதக் கடைசியில் மொத்தமாகப் பிரிக்கும் பழக்கம் இங்கே ஆபத்து.

கைக்கடிகாரம் போன்ற ஆக்டிகிராஃப் கருவியை 7 நாளாவது, முடிந்தால் 14 நாள், அதிகம் பயன்படுத்தாத கையில் கட்டச் சொல்லுங்கள். அது அளப்பது அசைவை மட்டுமே. தூக்கம் வராமல் அசையாது படுத்திருப்பவரைத் தூங்குவதாகக் காட்டும்; குளிக்கும்போது கழற்றி மேசையில் வைத்தாலும் அப்படியே. காலையில் நிரப்பும் தூக்கக் குறிப்பேட்டில் விளக்கணைத்த நேரமும் கழற்றிய நேரமும் இல்லையென்றால் அந்தத் தரவை நம்ப முடியாது.

ஆய்வகத்தில் இரவு முழுக்க மூளை அலைகளைப் பதிவதென்றால் இரண்டு இரவு வேண்டும். புது இடத்தில் முதல் இரவு கனவுத் தூக்கம் குறையும், தாமதமாகத் தொடங்கும். மனச்சோர்வில் நாம் தேடுவது சீக்கிரமே தொடங்கும் கனவுத் தூக்கத்தை. முதல் இரவுத் தரவு அதை மறைத்துவிடும். மனச்சோர்வுக்குத் தரும் செரோடோனின் வகை மாத்திரைகளும் அதே திசையில்தான் இழுக்கும். ஆகவே 'மருந்து: ஆம் / இல்லை' என்ற கட்டம் எதற்கும் உதவாது. பெயர், அளவு, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எப்போது தொடங்கினார் என நான்கையும் கேளுங்கள். அந்த வகை மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். போன வாரம் நிறுத்தியவர் மருந்தில்லாதவர் அல்லர். கனவில்லாத் தூக்கத்திலும் கண் உருளச் செய்வதால் அந்த மருந்து, பதிவைப் பார்த்துத் தூக்கத்தைக் கட்டங்களாகப் பிரிப்பவரையும் குழப்பும். ஆய்வுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை மட்டும் உங்களுக்குக் கிடையாது.

நம்மூரில் மறக்கக் கூடாதது தலை எண்ணெய். அன்று காலை ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தலையில் ஒட்டும் மின்முனைகளின் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க மறுக்கும். அறையும் குளிர்ச்சியாக இருக்கட்டும்: வியர்வையால் வரும் மெதுவான அலை ஆழ்ந்த தூக்கத்தின் அலை போலவே தெரியும். 30 நொடிப் பகுதி ஒன்றில் 6 நொடிக்கு அப்படி ஏமாந்தாலே அது ஆழ்ந்த தூக்கக் கணக்கில் சேர்ந்துவிடும்.

தூக்கக் கட்டம் பிரிக்க இருவர் வேண்டும், யார் நோயாளி என்று இருவருக்கும் தெரியக் கூடாது. இருவரின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கட்டவாரியாகக் கொடுங்கள். தூக்கத்தின் முதல் கட்டமான லேசான தூக்கத்தில் அது குறைவாகத்தான் வரும், அதை ஒளிக்க வேண்டியதில்லை.