டேவிட் ஏன் எப்போதும் ரயிலைத் தவறவிடுகிறான்?

ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக நடைப்பயிற்சியில் இறங்குவார்கள். எங்கள் பெரியப்பா ஆங்கிலப் பயிற்சியில் இறங்கினார்.

முதலில் இணையத்தில் ஒரு நிலைத்தேர்வு எழுதிப் பார்த்தார். 'பி1' என்று வந்தது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் அது. ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். பி1, பி2 இரண்டும் நடுவில். "நடுத்தரமா? ஆபீஸ்ல அத்தனை லெட்டரும் என் கையாலதானே போச்சு!" என்று கொதித்தார். அது உண்மைதான். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' வரை மூச்சுவிடாமல் எழுதக்கூடியவர். எதிரே ஒருவர் 'ஹவ்ஸ் இட் கோயிங்?' என்று கேட்டால்தான், எது எங்கே போகிறது என்று திரும்பிப் பார்ப்பார்.

அப்புறம் தடிமனாக ஒரு பயிற்சிப் புத்தகம் வந்தது. பின்னால் இருந்த விடைப் பக்கங்களைக் கிழித்து என்னிடம் கொடுத்து, "நான் கெஞ்சிக் கேட்டாலும் தராதே" என்றார். அன்று மாலையே கேட்டார். கெஞ்சவெல்லாம் இல்லை, அதட்டினார்.

இலக்கண விதிகளில் பெரியப்பாவுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அந்தப் பயிற்சிகளில் குடியிருக்கும் மனிதர்களைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. டேவிட் சீக்கிரம் எழுந்திருந்தால் ரயிலைப் பிடித்திருப்பான். சாரா குடை எடுத்துப் போயிருந்தால் நனைந்திருக்க மாட்டாள். நடக்காமல் போன பழைய விஷயத்தைச் சொல்வதற்கென்றே ஏற்பட்டது தேர்ட் கண்டிஷனல் என்பதால், அந்தப் பாடத்தில் ஒருத்தருக்கும் உருப்படியாக ஒன்றும் நடப்பதில்லை. "அலாரம் வைக்கத் துப்பில்லாதவனுக்கு எவன் வேலை கொடுத்தான்?" என்று பெரியப்பா பென்சிலைக் கீழே போட்டார். அதற்கு முந்தைய பாடம் செகண்ட் கண்டிஷனல். அதில் எல்லோரும் லாட்டரி விழுந்தால் என்ன வாங்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "முதல்ல லாட்டரிக் கனவு, அடுத்து ரயிலை விட்டாச்சு. வரிசையெல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கான்."

அடுத்து வந்த பாடம் பெரியம்மாவையே இழுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை, காரையும் காணோம். 'மஸ்ட் ஹேவ்' என்றால் நிச்சயம் வெளியே போயிருக்கிறார்கள், 'மைட் ஹேவ்' என்றால் போயிருக்கலாம், 'கான்ட் ஹேவ்' என்றால் போயிருக்க வாய்ப்பே இல்லை. பயிற்சி முழுக்க அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதுதான். பெரியப்பா ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல, துணி மடித்துக்கொண்டிருந்த பெரியம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பாஸிவ் வாய்ஸில் ஜன்னல் உடைக்கப்பட்டது, நகை திருடப்பட்டது, செய்தவன் பெயர் மட்டும் கடைசிவரை வரவில்லை. ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் அவள் சொன்னதை இவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். சொல்லும்போதே வினைச்சொல்லின் காலத்தையும் ஒரு படி பின்னால் தள்ளிவிட்டாள். "அந்தத் தெருவுல மனுஷன் குடியிருக்க முடியாதுங்க" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஃப்ரேசல் வெர்ப் பகுதி சீக்கிரமே முடிந்தது. 'புட்' என்பதோடு 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப்போடுவது, 'அப் வித்' சேர்ந்தால் சகித்துக்கொள்வது. பெரியப்பா அந்தப் பாடத்தை முதலில் தள்ளிப்போட்டார், பிறகு சகித்துக்கொண்டார்.

ரீடிங்கில்தான் சண்டை பெரிதானது. ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே உள்ள வாக்கியம் ட்ரூவா, ஃபால்ஸா, நாட் கிவனா என்று கேட்கும் வகை இருக்கிறதே, அதில். தீவில் தனியாக இருந்த ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றிய பத்தி. 'அவருக்குத் தனிமை பிடித்திருந்தது' என்பது வாக்கியம். பெரியப்பா யோசிக்காமல் ட்ரூ என்று போட்டார். விடைப் பக்கம் நாட் கிவன் என்றது.

"பிடிக்கலைன்னா அத்தனை வருஷம் எதுக்கு அங்கயே இருந்தான்?"

"பத்தியில அப்படி எங்கயும் எழுதலையே பெரியப்பா."

"எழுதுவாங்களா? நாமதான் புரிஞ்சுக்கணும்."

பத்தியில் இல்லாததை நம் சொந்தப் புத்தியால் நிரப்பக் கூடாது என்பதுதான் அந்த வகைக் கேள்வியின் விதி. கோப்பில் இல்லாததைக்கூட ஊகித்துப் பதில் கடிதம் எழுதியே பெயர் வாங்கியவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? விடைப் பக்கத்தின் ஓரத்தில் 'நாட் அக்ரீட்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

100 சொல்லில் 98 தெரிந்திருந்தால்தான் அகராதி இல்லாமல் வசதியாகப் படிக்க முடியும் என்று பால் நேஷன் போன்ற சொல்லாய்வாளர்கள் சொல்கிறார்கள். நாவலும் செய்தித்தாளும் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வரை வேண்டுமாம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்). இதை நான்தான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ஒரு பக்கம் படிப்பதற்கு முன் அதிலுள்ள சொற்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். தெரியாத சொல் மூன்றாகிவிட்டால் "இது நம்ம லெவல் இல்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

ஆனால் உண்மையான சோதனை லிசனிங்தான். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரொலி, 'ஷ்வா' என்று ஒரு மங்கிய ஒலி. அழுத்தம் விழாத இடங்களில் பெரும்பாலும் அதுதான் கேட்கும். நம் குற்றியலுகரமும் அரை மாத்திரைக்குக் குறுகுவதுதான், ஆனால் சொல்லின் கடைசியில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும், எங்கே வரும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இவர்கள் 'டு', 'ஃபார்', 'கேன்' என்று கண்ட இடத்தில் விழுங்கிவிடுகிறார்கள். "அச்சடிக்கும்போது ஒழுங்கா அடிச்சுட்டு, வாயில வரும்போது பாதியை எங்க வெச்சான்?" என்பது பெரியப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

போதாக்குறைக்கு அந்தத் தொலைபேசி எண். ஒலிப்பதிவில் ஒருவன் எண்ணை நிதானமாகச் சொல்வான், பெரியப்பா நிதானமாக எழுதுவார். எழுதி முடித்ததும் 'ஓ, சாரி' என்று கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றுவான். வேண்டுமென்றே வைக்கிற பொறிதான். "சொந்த நம்பரே தெரியாதவனெல்லாம் ஹோட்டல்ல ரூம் போட வந்துட்டான்." ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான், கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் இரண்டு தடவை. பெரியப்பாவின் தேர்வில் கணக்கே கிடையாது. எதிர் வீட்டுக்காரர்களுக்கே அந்த எண் மனப்பாடமாகியிருக்கும்.

ஒரு மாலை, ஸ்பீக்கரில் ஒரு பையனும் பெண்ணும் பேசும் பதிவு ஓடியது. வார இறுதியில் மலையேறப் போகலாம், வருகிறாயா என்று அவன் கேட்கிறான். அவள் 'தட் சவுண்ட்ஸ் லவ்லி' என்கிறாள். கேள்வி: அந்தப் பெண்ணின் மனநிலை என்ன? ஏ, ஆவல். பி, குழப்பம். சி, விருப்பமின்மை.

"லவ்லின்னுட்டா. ஏ" என்று பெரியப்பா வட்டம் போட்டார்.

"அவ வர மாட்டாங்க" என்றார் பெரியம்மா, துணியிலிருந்து தலை நிமிராமல்.

"உனக்கு என்ன புரிஞ்சுது?"

"ஒரு எழுத்தும் புரியல. ஆனா அந்த இழுப்பைப் பாருங்க. வர்றவ அப்படியா இழுப்பா?"

நான் விடைப் பக்கத்தைப் பார்த்தேன். சி. பெரியப்பா அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அச்சுப் பிழையாக இருக்கலாம் என்றார்.

அடுத்த பதிவில் ஒருவன் மேலாளரிடம் தாமதத்துக்குக் காரணம் சொன்னான். பெரியம்மா, "புளுகறான்." விடையும் ஏறக்குறைய அதேதான். பேசுகிறவரின் மனநிலையைக் கேட்கும் கேள்விகள் இந்த மாதிரிப் பயிற்சிகளில் கணிசமாக வரும். சொற்களை மட்டும் துரத்துகிறவர்களை இப்படிக் குரலின் ஏற்ற இறக்கம் கவிழ்த்துவிடும். அதற்குப் பின் பெரியப்பா வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. மனநிலைக் கேள்வி வந்தால் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, ஓரக்கண்ணால் பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அங்கே உதடு பிதுங்கினால் சி.

இப்போது நச்சரிப்பது பெரியம்மாதான். அந்த மலையேறப் போகிற ஜோடியின் அடுத்த பாகம் வேண்டுமாம். பெரியப்பா அடுத்த பாடத்தைப் போட்டார். பெங்குவின்களைப் பற்றி ஒருவர் உரையாற்றினார். அதற்கும் அடுத்தது, பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்வது.

"ஏங்க, அந்தப் பொண்ணு கடைசியில போனாளா இல்லையா?"

பெரியப்பா புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"நாட் கிவன்."

"குடுக்காம எதுக்கு இத்தனை காசு வாங்கினான்?"